ரப்பி அதின் ஸ்டைன்சால்ட்ஸ் நினைவு வாரம்

நண்பர்களே, வணக்கம். 2020 ஆகஸ்ட் 7 அன்று எருசலேமில் மறைந்த ரப்பி (யூத சமய ஆசிரியர்) அதின் ஸ்டைன்சால்ட்ஸை இந்த வாரம் நினைவுகூர்கிறோம்.

சமயப் பற்றில்லாத வீட்டில் பிறந்து, கணிதமும் இயற்பியலும் படித்தவர். பிறகு பக்தியும் போதனையுமே வாழ்க்கையாயின. யூதர்களின் சமயச் சட்டங்களும் விவாதங்களும் அடங்கிய பெருநூல் தால்மூத். அதன் பழைய பதிப்பின் பக்கத்தில் நிறுத்தற்குறிகூடக் கிடையாது. நடுவில் அரமேயம் என்ற பழைய மொழியில் மூலம், சுற்றிலும் நெருக்கியடித்த உரைகள். குரு இல்லாமல் உள்ளே நுழைவது கடினம். 1965இல் தொடங்கி 2010 வரை உழைத்து, முழுவதற்கும் குறியிட்டு, தற்கால எபிரேயத்தில் உரை எழுதி முடித்தார். பக்க அமைப்பை மாற்றிவிட்டார் என்று பண்டிதர் சிலர் சீறினார்கள். (என் ஓட்டு இவருக்கே.)

மூன்று பிள்ளைகளின் தந்தை. மகன் தந்தையின் போதனைப் பணியைத் தொடர்கிறார்.

அவர் நூல்களைப் படித்தவர்கள் ஞாயிறு இரவுக்குள் நான்கு வரி எழுதுங்கள். மெழுகுவர்த்திப் படங்கள் மட்டும் வேண்டாம்.