அடும்புக்கு மேற்கே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வாடகை வேனும் கூடாரமும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு உவரிப் பக்கம் கடற்கரையில் இரண்டு ராத்திரி தங்கப்போவதாகச் சொன்னாய். நல்ல யோசனை, தாராளமாக வாருங்கள். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் வாசிக்கக் கொடு.

முதலில் மாதம். தை பாதிக்கு மேல் தொடங்கி மாசி முடிவதற்குள் வந்து போய்விடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையை நம்ப முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஆனி, ஆடியில் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று பணகுடி, ராதாபுரம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு அப்படியே கடற்கரை மணலை வாரி இறைக்கும். சோற்றிலும் மண், கண்ணிலும் மண். பங்குனி, சித்திரையில் கள்ளக்கடல் பயம் உண்டு. தெற்கே வெகு தூரத்தில், நடுக்கடலில் எழுந்த அலை அது. இங்கே இலை அசையாத வெயில் நாளில் திடீரென்று கரையேறும். வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் நிலையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். எந்த மாதமானாலும் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடு. தைப்பூசத்தை ஒட்டிய நாட்கள் வேண்டாம். திருச்செந்தூர், உவரி இரண்டிலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

வெளிநாட்டில் போல வண்டிக்குக் கரண்டும் தண்ணீரும் இழுத்துக் கொடுக்கும் முகாம்கள் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. உவரிக்கும் பெரியதாழைக்கும் நடுவில் ரோட்டை ஒட்டித் தென்னந்தோப்போ காலியிடமோ பார்த்து, சொந்தக்காரரிடம் கேட்டுத் தங்குவதுதான் வழி. அதற்கு முன்னால் பக்கத்து ஊர்க் கமிட்டியிலோ கோவிலிலோ பங்குத் தந்தையிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடு. கரை அவர்கள் தொழில் செய்யும் இடம். சொல்லிவிட்டுத் தங்கினால் ராத்திரி ஏதாவது என்றால் முதலில் ஓடிவருவதும் அவர்கள்தான். ஆதார் அட்டைகளைக் கையில் வைத்திரு; கடலோரக் காவல் போலீஸ் ரோந்து வரும்போது கேட்பார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்துப் பக்கமும், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வரும் பக்கமும் கூடாரம் அடிக்கும் எண்ணமே வேண்டாம்.

சாயங்காலம் நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இடத்தை வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். கரையில் நின்று பார்த்தால் மணலில் குப்பைக்கோடு இரண்டு தெரியும். கீழே உள்ளது ஈரப் பாசியும் நுரையும். அன்றைக்கு ஏறிய தண்ணீர். மேலே உள்ளது காய்ந்த குச்சி, சிப்பி, வலைத்துண்டு. அமாவாசை, பௌர்ணமிக்கு ஏறும் தண்ணீர். அதற்கும் மேலே ஊதாப் பூவோடு அடும்புக்கொடி படர்ந்திருக்கும், முள்பந்து மாதிரி ராவணன் மீசை நிற்கும். அடும்பு வேர்பிடித்த இடத்துக்குக் கடல் எப்போதாவதுதான் வரும். அந்தக் கொடிக்கும் மேற்கே, கொடியை மிதிக்காமல், கூடாரம் போடு. இன்னொரு அடையாளமும் உண்டு: ஊர்க்காரர்கள் வள்ளத்தை எதுவரை இழுத்து வைத்திருக்கிறார்களோ, அதற்குக் கிழக்கே ஒருநாளும் படுக்காதே. வள்ளத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். பின்ராத்திரியில் கடலுக்குத் தள்ளுவார்கள், வழி வேண்டும். நம்பியாறு போல ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மெத்தை மாதிரி இருக்கும், ஆசைப்படாதே. பனைக்கும் தென்னைக்கும் நேர் கீழேயும் கூடாது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும். உடைமரம் நிற்கும் இடமென்றால் முள்ளைப் பொறுக்கிவிட்டுத் தார்ப்பாய் விரி. ஒரு முள் போதும், கூடாரத்தின் தரைத்துணியில் ஓட்டை விழும்.

கூடாரத்தோடு தரும் கம்பி முளைகள் கடல் மணலில் நிற்கவே நிற்காது. மணல் பிடிக்காது, காற்று ஒரு உதறு உதறினால் உருவிக்கொண்டு வரும். அதற்குப் பதில் பத்துக் கிலோ அரிசிச் சாக்கு. முக்கால் சாக்கு ஈர மணல் நிரப்பி வாயை இறுக்கிக் கட்டு. கயிற்றைச் சாக்கின் இடுப்பில் கட்டு, கழுத்தில் கட்டினால் வழுகும். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகச் சாக்கைப் படுக்க வை. கயிறு வெளியே வரும் பக்கம் மட்டும் மணலைச் சரிவாகச் சீவிவிடு; நேர் மேலே இழுத்தால் சாக்கு பெயர்ந்துவிடும், சாய்வாக இழுத்தால் மண்ணுக்குள் இன்னும் இறுகும். மூடி மிதித்து ஒரு வாளி கடல்தண்ணீர் ஊற்று. நாலு மூலைக்கு நாலு, பக்கக் கயிறுகளுக்கு நாலு, ஆக எட்டுச் சாக்கு. மாசியில் பகலில் கொண்டல், அதாவது கீழ்காற்று, அடிக்கும், ராத்திரி கரைப்பக்கமிருந்து காற்று வரும். கடலைப் பார்த்து வாசல் வைக்க ஆசையாக இருக்கும். தென்மேற்கே பார்த்து வை, நிம்மதியாகத் தூங்கலாம்.

வேனைத் தார்ரோட்டையோ இறுகிய சரளையையோ விட்டு இறக்காதே. குட்டம் பக்கத்துத் தேரி மணல் பார்க்கச் செம்மண் தரை மாதிரி இருக்கும், டயர் ஏறியதும் மாவு மாதிரி விலகும். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது. மிதிக்க மிதிக்க அச்சு வரை புதையும். ஆட்களை இறக்கி, டயருக்கு முன்னால் மணலைத் தோண்டி எடுத்து, பனை ஓலையோ சாக்கோ திணித்து, முதல் கியரில் மெதுவாக எடு.

தண்ணீர்: சமையல், குடிக்க, கைகால் கழுவ என்று ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டர். நாலு பேருக்கு இரண்டு நாளைக்கு நாலு கேன். கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள்ளும் வேனுக்குள்ளும் பற்றவைக்காதே, அடைத்த இடத்தில் விஷவாயு சேரும். வெளியே தீ மூட்டினால் அணைக்கும்போது மணலைப் போட்டு மூடாதே. மூடிய கங்கு உள்ளே மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். மேலே வெறும் மணல்தான் தெரியும், பிள்ளை காலை வைத்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்று. பனங்காட்டுக்குள் தீயே வேண்டாம்.

குளிக்கும் இடத்தை ஊர்க்காரரிடம் கேள். இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கலாகத் தண்ணீர் வெளியே போகிறது என்றால் அங்கே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கிறது. பிள்ளைகளுக்குச் சமதளம் மாதிரி தெரிவதும் அதுதான். இழுத்துவிட்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. மிதந்துகொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். முழங்காலுக்கு மேல் பிள்ளைகளை விடாதே. அவசரத்துக்கு 112, கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

தை, மாசியில் பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடக் கரையேறும். ராத்திரி ஒன்று வந்தால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். போட்டோ வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

கழிப்பறைக்கு உவரிக் கோவில் பக்கம் போய்வருவது நல்லது. வேனின் கழிவுத் தொட்டியைக் கரையில் திறக்கவே கூடாது.

திரும்பியதும் அன்றைக்கே வேனின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவச் சொல். கூடாரத்தையும் அலசி நிழலில் காயப்போடு. ஜிப்பில் உப்பு உறைந்தால் பல் கடித்துக்கொள்ளும், கழுவியபின் மெழுகுவர்த்தியைத் தேய்.

சாக்கு அங்கே தேடாதே. பத்துச் சாக்கு, கயிறோடு இங்கே எடுத்து வைத்திருக்கிறேன். வரும் வழியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அப்பா