தண்ணியை வடித்துவிட்டுக் கிளம்பு, பாப்பா

மன்னார்குடி
புரட்டாசி 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில், காலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது என்று சொன்னாய். அதிலிருந்து எனக்கு, நீங்கள் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தங்குகிற அந்த வீட்டு டிரெய்லர் ஞாபகம்தான். போனில் சொன்னால் அடுப்பையும் பார்த்துக்கொண்டு "சரிப்பா, சரிப்பா" என்பாய். பாதி மனதில் தங்காது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

போன வருஷம் நடந்ததற்கு நான்தான் காரணம். அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்றதும் பயந்துபோய், உடனே கிளம்பி வா என்று உன்னைக் கூப்பிட்டவன் நான். ஐப்பசி மழையில் நீங்கள் வந்து இறங்கினீர்கள். அங்கே உறைகிற குளிரில் டிரெய்லர், குழாயெல்லாம் தண்ணியோடு நின்றது. நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜூனில் நாங்கள் வந்து அந்த வண்டியில் படுத்த முதல் ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது.

மிச்சிகன் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியிருந்தோம். ஏரி என்று பெயர்தான், பார்த்தால் நம் வேதாரண்யம் கடல். எல்லாரும் தூங்கிவிட்டீர்கள். சோபாவுக்கு அடியில் பம்ப் 'டர்ர்' என்று ஒரு நொடி ஓடி நின்றது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி 'டர்ர்'. ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. நாற்பது வருஷமாக மோட்டார் சத்தம் கேட்டுப் பழகின காது. எங்கேயோ பிரஷர் இறங்குகிறது, அதை ஏற்றத்தான் பம்ப் எழுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டாய்லெட்டுக்குப் பின்னால் கையை விட்டேன். வால்வின் அடியில் ஈரம். நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படுகிற மயிரிழை விரிசல். காலையில் பார்த்தால் பம்புக்கு முன்னால் இருக்கிற வடிகட்டிக் கிண்ணமும் கீறியிருந்தது. அடித்தளப் பலகை ஊறி உப்பத் தொடங்கியிருந்தது. அந்த ஈரப் பலகையைத் தொட்டபோது என் மனது என்ன பாடுபட்டது தெரியுமா?

தண்ணி கட்டியானால் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். 10 லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 10.9 லிட்டர் இடம் கேட்கும். நாலு பக்கமும் அடைபட்ட இடத்தில் அது பெருகும்போது பித்தளையும் நிற்காது, பிளாஸ்டிக்கும் நிற்காது. உன் வண்டியில் ஓடுகிற சிவப்பு, நீலக் குழாய்கள் பெக்ஸ் என்கிற வளையும் பிளாஸ்டிக் குழாய்கள்; அவை கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். மூட்டும் வால்வும் பம்பும்தான் உடையும். அதனால் ஒரு மூலையில் ஒரு டம்ளர் தண்ணி தங்கினாலும் போதும்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் வாட்டர் ஹீட்டர். கரண்டையும் கேஸையும் நிறுத்திவிட்டு முழுசாக ஆறவிடு. ஒரு ராத்திரி போகட்டும். வெளித்தண்ணி இணைப்பைக் கழற்றி, பம்பையும் நிறுத்து. அப்புறம் உள்ளே ஒரு சுடுதண்ணிக் குழாயைத் திறந்து பிரஷரை இறக்கு. அதற்குப் பிறகுதான் வெளியே இருக்கிற அடைப்பானைத் திருகவேண்டும். சூட்டோடும் பிரஷரோடும் திறந்தால் கொதிதண்ணி முகத்தில் அடிக்கும். மாப்பிள்ளை அவசரக்காரர், அவரைத் தனியாக விடாதே. நான் வாங்கி வைத்த 1 1/16 அங்குல சாக்கெட் சிவப்புப் பெட்டியில் இருக்கிறது. அடைப்பானோடு சேர்ந்து ஒரு மக்னீசியம் கம்பி நீளமாக வெளியே வரும். இரும்புத் தொட்டியைத் துரு தின்னாமல் இருக்க, அந்தக் கம்பி தன்னைத் தின்னக் கொடுக்கிறது. ஜூனில் நான் கழற்றியபோது பழைய கம்பி கருவாட்டு முள் மாதிரி மெலிந்து கிடந்தது. இப்போது புதுசு போட்டிருக்கிறேன். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்று. இல்லாவிட்டால் துடைத்து வைத்து, சித்திரையில் டெஃப்லான் டேப் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

ஹீட்டர் ஸ்விட்சின்மேல் ஒரு டேப் ஒட்டிவிடு. தொட்டியில் தண்ணி இல்லாதபோது பேரன் விளையாட்டாகத் தட்டிவிட்டால் எலிமெண்ட் எரிந்துபோகும்.

அழுக்குத் தொட்டிகள் இரண்டையும், கழிவைக் கொட்டுகிற டம்பிங் ஸ்டேஷனில் காலி செய். டாய்லெட் தொட்டியை முதலில் திறந்துவிடு, பாத்திரம் கழுவின தண்ணித் தொட்டியை அப்புறம் திற. சோப்புத் தண்ணி பின்னால் வந்து குழாயைக் கழுவிக்கொண்டு போகும். நல்ல தண்ணித் தொட்டியையும் வடி. வண்டிக்கு அடியில் சிவப்பொன்று நீலமொன்றாக இரண்டு வடிகால் குழாய்கள் தொங்கும். அவற்றைத் திறந்துவிட்டு, உள்ளே உள்ள எல்லாக் குழாய்களையும் திறந்து வை. காற்று உள்ளே போனால்தான் தண்ணி வெளியே வரும். வாட்டர் ஃபில்டர் இருந்தால் உள்ளே இருக்கிற மெழுகுவத்தி மாதிரியானதைக் கழற்றிவிடு. கம்ப்ரஸர் வைத்துக் குழாய்களில் காற்றை ஊதுவதானால் பிரஷர் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகவேண்டாம்.

ஊதினால் போதாதா என்று மாப்பிள்ளை கேட்டார். பாதி சரி. ஊதினாலும் பம்பின் வயிற்றில் கொஞ்சம் நிற்கும், தொட்டிகளுக்குப் போகிற வளைகுழாய்களிலும் நிற்கும். அதனால், குளிரில் குழாயை வெடிக்கவிடாத ரோஸ் கலர் திரவம், ஆண்டிஃப்ரீஸ், போட்டே ஆகவேண்டும். கடையில் பார்த்து வாங்கு. புரோப்பிலீன் கிளைக்கால் என்று போட்டிருக்கும், டிரெய்லர் குழாய்க்கென்றே விற்பது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சைத் தண்ணி எத்திலீன் கிளைக்கால், அது விஷம், இனிப்பாக வேறு இருக்கும். பேரன் வாய்க் கொப்பளிக்கிற குழாயில் அது ஒரு சொட்டு போகக்கூடாது.

கேனில் −50 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எழுதியிருப்பது குழாய் வெடிக்காமல் காப்பாற்றுகிற அளவு. அதற்கு ரொம்ப முன்னாலேயே அது கூழாகிவிடும், கூழானால் பரவாயில்லை. ஆனால் தண்ணி வடியாமல் இருந்து அதோடு கலந்தால் சக்தி குறைந்துவிடும். முதலில் வடி, அப்புறம் ஊற்று என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஊற்றுவதற்கு முன் ஹீட்டரின் பைபாஸைத் திருப்பு, அப்போதுதான் அது ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போகும். பின்னால் மூன்று வால்வுகள் இருக்கின்றன. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மூடு, நடுவில் இருப்பதைத் திற. மறந்தால் 6 காலன், அதாவது 22 லிட்டருக்கு மேல், ஹீட்டர் குடித்துவிடும். திருப்பினால் மொத்த வண்டிக்கும் 2, 3 காலன் போதும். அடியில் திறந்த இரண்டு வடிகாலையும் உள்ளே உள்ள குழாய்களையும் மூடிவிட்டு, பம்புக்கு முன்னால் நான் மாட்டிய சின்ன ட்யூபைக் கேனுக்குள் விட்டு, வால்வைத் திருப்பி, பம்பைப் போடு. பம்புக்குக் கிட்டே இருக்கிற குழாயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திற. குளிர்தண்ணி, சுடுதண்ணி இரண்டிலும் ரோஸ் வரும்வரை விடு. நம் ஊர் நீர்மூழ்கி மோட்டாரைத் தண்ணி இல்லாமல் ஓட்டினால் காயில் கருகிவிடும் என்று பயந்து பழகினவள் நீ. இது ரப்பர் சவ்வு அசைந்து தண்ணியைத் தள்ளுகிற டயாப்ரம் பம்ப், 12 வோல்ட். கொஞ்சநேரம் வெறுமனே ஓடினாலும் ஒன்றும் ஆகாது. பயப்படாதே.

எல்லாரும் விட்டுவிடுகிற இடங்கள் சில உண்டு. வண்டிக்கு வெளியே கால் கழுவுகிற ஷவர் ஒன்று. டாய்லெட் இன்னொன்று, அதை மிதித்து ரோஸ் வரும்வரை விடு. கடைசியில், வெளித்தண்ணி ஹோஸ் மாட்டுகிற வாய். அதில், தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுகிற செக் வால்வு ஒன்று தண்ணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பம்பை நிறுத்தி, பிரஷரை இறக்கிவிட்டு, வாயில் உள்ள சல்லடையை எடுத்துப் பேனா முனையால் நடுவில் அழுத்து. ரோஸ் எட்டிப் பார்க்கும். முடிக்கும்போது ஒவ்வொரு சிங்க்கிலும், குளிக்கிற இடத்திலும் ஒரு கப் ஊற்று. டாய்லெட் கிண்ணத்திலும் கொஞ்சம் நிற்கட்டும், ரப்பர் காயாது.

பேட்டரியை நிறைய சார்ஜ் ஏற்றி வை. சார்ஜ் இறங்கின லெட் ஆசிட் பேட்டரி குளிரில் உறைந்து வெடிக்கும்.

உன் தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் இந்தப் புத்தி இருந்தது. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். பாமணி ஆற்றில் தண்ணி ஓய்ந்த மறுவாரமே ஆயில் இன்ஜினில் தங்கின தண்ணியைத் திறந்துவிட்டு, துணியால் துடைத்து, எண்ணெய் தடவிச் சாக்குப் போட்டு மூடுவார். நான் சின்னப் பையனாக விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "ஒரு சொட்டு நின்னா துரு பிடிக்கும்டா" என்பார். இங்கே துரு, அங்கே பனிக்கட்டி.

இங்கே குறுவை அறுவடை முடியப் போகிறது. ரோடெல்லாம் நெல் காய்கிறது. கொள்முதலில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுப்பதில்லை, மழையோ தினம் சாயங்காலம் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா தார்ப்பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாகவே இருக்கிறார். அம்மா நன்றாக இருக்கிறாள். நாலு படி ஏறிக் கோயிலுக்குப் போய்வருகிறாள். நீ பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போக இப்போதே வடகம் போட நாள் பார்க்கிறாள், மழையைத் திட்டிக்கொண்டு.

ஆயி, ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த முறை எந்த அவசரம் வந்தாலும், நானே கூப்பிட்டாலும், இந்தச் சனி ஞாயிறு அந்த வேலையை முடித்துவிட்டு உட்காரு. ரோஸ் தண்ணி வரும்போது ஒவ்வொரு குழாயையும் போட்டோ எடுத்து அனுப்பு. வெளி ஷவரையும் சேர்த்து.

அப்பா