நீ இல்லாத நாளுக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனிலேயே பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ கேட்டிருப்பது பேசித் தீருகிற விஷயமில்லை. எழுத்தில் இருந்தால் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய். என் பக்கத்தில் சொல்லும்படி புதிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மகள் வேலை மாறியிருக்கிறாள், முன்பைவிடச் சம்பளம் அதிகம், தூக்கம் குறைவு. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசனையும் மெல்ல மெல்ல மங்கும் நோய், என்று உறுதியாகிவிட்டது, பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் என்கிறாய். நீ அனுப்பிய மாதிரிப் படிவத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து இரவு வரை கட்டம் கட்டமாக நேரம் போட்டு, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதை ஓரமாக வை. அம்மா எப்போது எழுவார், எப்போது மாத்திரை போடுவார் என்பதெல்லாம் உனக்குத் தலைகீழ்ப் பாடம். திட்டம் எழுதுவது நீ காய்ச்சலில் படுத்துவிட்ட நாளுக்காக. அன்று அண்ணன் வரலாம், சம்பளத்துக்கு ஒரு பெண் வரலாம், நடுராத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் முன்பின் தெரியாத ஒரு டாக்டர் இருக்கலாம். யாராக இருந்தாலும் அந்தக் காகிதத்தைப் படித்து அம்மாவைச் சமாளிக்க முடிய வேண்டும். அதனால் எழுத உட்காரும்போது, உனக்கு மட்டுமே தெரிந்தது என்னென்ன என்று யோசி. காகிதத்தில் முதலில் ஏற வேண்டியது அதுதான்.

அப்பா விஷயத்தில் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன். அவர் கணக்கராக வேலை பார்த்தவர் என்பது உனக்குத் தெரியும். நோய் முற்றியபோது பொழுது சாயச் சாயப் பதற்றம் வந்துவிடும். இந்த நோயில் பலருக்கும் அந்த நேரத்தில்தான் குழப்பம் கூடும். "இன்றைய கணக்கு முடியவில்லை, ஆபீஸுக்குப் போகணும்" என்று வாசலுக்குப் போய் நிற்பார். உங்களுக்கு வேலை போய் எத்தனை காலம் ஆயிற்று என்று விளக்கினால் கோபம்தான் வரும். பழைய பேரேடு ஒன்றை எடுத்து வைத்து, "கணக்கெல்லாம் நேராகிவிட்டது, உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றால் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். கண்ணாடி கழன்றால் ஆபீஸ் முடிந்தது என்று அர்த்தம். இதை அப்படியே எழுதி, பேரேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் சேர்த்தேன். நான் வெளியூர் போயிருந்தபோது துணைக்கு வந்த பெண் இதைப் படித்துவிட்டு அச்சு அசலாகச் செய்தாள்.

குளியலுக்கும் இப்படித்தான். தலையில் தண்ணீர் விழுந்தால் அலறுவார். குளியலறையை முதலில் சூடாக்கி, தோளில் துண்டைப் போட்டு, பாதத்திலிருந்து மேலே மேலே நனைத்து, குவளையை அவர் கையிலேயே கொடுத்தால் முக்கால் குளியலை அவரே முடித்துவிடுவார். இதுவும் காகிதத்தில் இருந்தது. "குளிக்க மறுப்பார்" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு என்ன பயன்? எதனால் மறுக்கிறார், என்ன செய்தால் இசைவார் என்று எழுது. குளியலறை வாசலில் கறுப்புக் கால்மிதி விரிப்பு கிடக்கிறதா என்றும் பார். மூளை ஆழத்தைக் கணிக்கத் தடுமாறும்போது அது பள்ளம் மாதிரி தெரியும், கால் வைக்க மாட்டார்கள். எடுத்துவிட்டால் போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் எடுத்துப் போக தனியாக ஒரு தாள் வேண்டும். மருந்துகள், அளவு, ஒவ்வாமை, காது கேட்கும் கருவி இருக்கிறதா, வலி வந்தால் வாயால் சொல்வாரா அல்லது முகத்தைச் சுளிப்பாரா, இவ்வளவு போதும். அதன் தலைப்பில் நோயின் வகையை எழுது. டாக்டரிடம் வகையைக் கேட்டாயா? டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அல்சைமர் என்ற வகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் லூயி பாடி என்ற இன்னொரு வகையாக இருந்துவிட்டால், பதற்றத்தைத் தணிக்கப் போடும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் உடலை விறைக்க வைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நள்ளிரவு டாக்டருக்கு அது உன் தாளைப் பார்த்தால்தான் தெரியும். கடையில் நாமாக வாங்கும் சளி, அலர்ஜி மாத்திரைகளிலும் கவனமாக இரு. தூக்கம் வரவைக்கும் பழைய வகை மாத்திரைகள் குழப்பத்தை அதிகமாக்கும்.

தாளின் அடியில் ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கட்டும்: ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால், அல்லது எழுப்ப முடியாத மயக்கமாக இருந்தால், நோய் முற்றுகிறது என்று விட்டுவிட வேண்டாம், உடனே டாக்டரைப் பார்க்கவும். இந்த நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். திடீர் மாற்றத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, நீர் வறட்சியோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ இருக்கலாம். கண்டுபிடித்தால் சரிசெய்யவும் முடியும்.

இப்போது கஷ்டமான பகுதி. அம்மாவுக்கு இன்னும் பேச்சும் புத்தியும் தெளிவாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இந்தத் திட்டத்தை அவர் இல்லாமல் அடுத்த அறையில் வைத்து எழுதாதே. அவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. கேள்விகளை ஒரே நாளில் கொட்டாமல், அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து ஒன்றொன்றாகக் கேள். யார் குளிப்பாட்டினால் கூச்சம் இருக்காது, வீட்டில் முடியாமல் போனால் எங்கே இருக்கச் சம்மதம், கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியா வீடா. விழுங்க முடியாமல் போகும் நாள் வந்தால் குழாய் வழியே உணவு வேண்டுமா என்பதையும் கேட்டுவிடு. முற்றிய நிலையில் குழாய் வைப்பதை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைப்பதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்கிறது. இருந்தாலும் அவர் விருப்பம் தெரியாவிட்டால், அந்த நேரத்தில் நீயும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பீர்கள்.

வக்கீலையும் இந்த மாதமே பார். உயிலோ, தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட உரிமை தரும் அதிகாரப் பத்திரமோ, மனத்தெளிவு இருக்கும்போது போட்ட கையெழுத்துக்குத்தான் மதிப்பு. சாதாரண அதிகாரப் பத்திரம் பல நாடுகளில், எழுதிக் கொடுத்தவரின் தெளிவு போனதும் செல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகும் செல்லும்படி எழுத உங்கள் சட்டத்தில் வழி உண்டா என்று குறிப்பாகக் கேள்.

அண்ணனைப் பற்றி நீ புலம்பியிருப்பதை ரசித்துப் படித்தேன். "முடிந்தபோது உதவி செய்" என்றால் யாருக்கும் முடியாது. பேர் போட்டு வேலையை எழுது. பில் கட்டுவது, மருந்து ஆர்டர் செய்வது, காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் எங்கிருந்தும் செய்கிற வேலைதான், அவை அண்ணனுக்கு. வாரத்தில் ஒரு மாலை நீ வீட்டில் இல்லை என்பதும் திட்டத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும், அன்று யார் என்ற பெயரோடு. நீ இதைத்தான் முதலில் அடிப்பாய் என்று எனக்குத் தெரியும். அடிக்காதே. உனக்குத் தூக்கமில்லாமல் போவதும் எரிச்சல் கூடுவதும் அம்மாவின் பராமரிப்பைத்தான் முதலில் பாதிக்கும்.

தாளில் தேதி போடு. கீழே விழுந்தாலோ, ஆஸ்பத்திரியில் படுத்து வந்தாலோ, மருந்து மாறினாலோ புதிதாக எழுது. பழையதைக் கிழித்துவிடு, இரண்டும் கிடந்தால் வருகிறவர் தப்பானதைத்தான் எடுப்பார்.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அம்மாவையே தெரியாதவள் மாதிரி படித்துப் பார்த்து, புரியாத இடத்தில் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பள்ளியில் உன் கட்டுரைகளுக்குப் போட்டபோது ஒரு வாரம் பேசாமல் இருந்தாய், இந்த முறை அதெல்லாம் கூடாது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். "யார் எழுதியிருக்கிறார்கள், நினைவிருக்கிறதா?" என்று பரீட்சை வைக்காமல், என் பெயரை நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி