பைத்தான் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு

வணக்கம்.

உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளின் நிரல்களைத் தினமும் பார்க்கிறவன் நான். சதுர அடைப்புக்குள் ஃபார் எழுதி லிஸ்ட் உருவாக்கும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் எல்லோருக்கும் அத்துப்படி. ஃபார் மூன்றை ஒரே வரியில் திணித்துவிட்டுப் பெருமையாகக் காட்டுவார்கள். (இரண்டைத் தாண்டினால் சாதாரண லூப்பே மேல் என்பது என் கட்சி.) மொத்த லிஸ்டையும் கட்டாமல், கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தரும் ஜெனரேட்டர் பற்றிக் கேட்டால் மட்டும், "கடைசி வாரம் வேகமாக ஓட்டிட்டாங்க சார்" என்கிறார்கள். ஜெனரேட்டர் எழுத உதவும் யீல்டு 2001-இல் பைத்தான் 2.2-உடன் வந்தது. இன்னுமா அது கடைசி வாரப் பாடம்?

அண்மையில் ஒரு தம்பி 6 ஜிபி லாக் ஃபைலில் பிழை வரிகளை எண்ண வேண்டியிருந்தது. எல்லா வரிகளையும் ஒரேயடியாக லிஸ்டாக்கும் ரீட்லைன்ஸ் போட்டு, சதுர அடைப்புக்குள் வடிகட்டி, லென் போட்டு எண்ணிக்கை எடுத்தார். 8 ஜிபி மெஷின் திணறி நின்றுவிட்டது. ஒவ்வொரு வரியும் தனி ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). எழுத்துகள் போக, ஸ்ட்ரிங் ஒன்றுக்கு 40 பைட்டுக்கு மேல் கூடுதலாகப் போகும். சிறு வரிகள் நிறைந்த ஃபைல் என்றால், மெமரியில் அது டிஸ்க்கில் இருப்பதைவிடப் பெரிதாகிவிடும்.

ரீட்லைன்ஸை எடுத்துவிட்டு ஃபைல் மேலேயே ஃபார் ஓட்டச் சொன்னேன். சதுர அடைப்பையும் எடுத்துவிட்டு, பிழை வரிக்கு 1 என்று, கூட்டித் தரும் சம்முக்குள் நேராக எழுதினார். அதுவே ஒரு ஜெனரேட்டர். வரி வந்தது, எண்ணப்பட்டது, போனது. மெமரி அசையவே இல்லை. "அடைப்புக்குறி மாறினதுக்கா சார் இவ்வளவும்?" என்றார்.

சரி, ஜெனரேட்டரின் குணக்கேட்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒருமுறை நானே ஒரே ஜெனரேட்டரில் முதலில் மொத்தத் தொகையையும் அப்புறம் எண்ணிக்கையையும் எடுத்தேன். தொகை சரி, எண்ணிக்கை 0. எக்ஸெப்ஷனும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டே அரை நாள் போனது. ஒருமுறை ஓடித் தீர்ந்த ஜெனரேட்டர் மறுபடி ஓடாது என்பதை எனக்கும் யாரும் வகுப்பில் சொல்லவில்லை.

இரண்டு தடவை சுற்ற வேண்டுமா, நடுவில் 5-ஆவதை எடுக்க வேண்டுமா, லிஸ்ட்தான் சரி. ஸ்ட்ரிங்குகளை ஒன்றாக ஒட்டும் ஜாயினுக்குள்ளும் லிஸ்டே போடலாம், எப்படியும் அது உள்ளே லிஸ்டாக மாற்றிக்கொள்ளும்.

நான் கேட்பது இதுதான்: ஃபார் லூப் முடிந்த மறுவாரமே யீல்டைத் தொடுங்கள். தேர்வில் ஒரு கேள்வி வையுங்கள். ஒரு ஜெனரேட்டரை இரண்டு முறை லிஸ்டாக்கி அச்சிட்டால், இரண்டாம் வரியில் என்ன வரும்?

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு வேலை பார்ப்பவன்