எலும்பு மச்சை கொடுப்பதற்கு ஏன் இந்தப் பயம்?

ஆசிரியருக்கு,

இரத்ததானம் என்றால் எங்கள் ஊரில் ஒருவரும் பின்நிற்பதில்லை. கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ முகாம் வைத்தால் பொடியள் வரிசையில் நிற்பார்கள். எலும்புக்குள் இருந்து இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மச்சை என்றதும் அதே சனம் பயந்துபோகிறது. இரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு நான் கொடுக்கப் போனபோது, "முள்ளந்தண்டில ஊசி போடுவினம், பிறகு நாரி நிமிராது" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். கலியாணமாகாத பெட்டை என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தடுத்தவர்களும் உண்டு.

மச்சையை முள்ளந்தண்டிலிருந்து எடுப்பதில்லை. மச்சையாகவே எடுப்பதென்றால் மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் உறிஞ்சுவார்கள். இப்போது கூடுதலாக நடப்பது வேறு முறை. எனக்கும் அதுதான். மச்சையிலுள்ள ஸ்டெம் செல்கள், அதாவது இரத்தக் கலங்களை உண்டாக்கும் மூலக் கலங்கள், இரத்தத்துக்குள் வருவதற்காக 4, 5 நாட்கள் தோலுக்குக் கீழே ஊசி போடுவார்கள். கஷ்டமெல்லாம் அந்த நாட்களில்தான், அதை நான் மறைக்கவில்லை. நாரி, தொடை, நெஞ்செலும்பு எல்லாம் உளையும். டெங்கு வந்தவர்களுக்கு அந்த உளைவு தெரியும். தலையிடியும் சேர்ந்துவிட, இரவில் புரண்டு படுக்க முடியவில்லை. பனடோல் போட்டுத்தான் சமாளித்தேன்.

எடுக்கும் நாளில் ஒரு கையிலிருந்து இரத்தம் இயந்திரத்துக்குள் போகும். அது வேண்டிய கலங்களை மட்டும் பிரித்துக்கொள்ள, மிச்சம் மற்றக் கையால் திரும்பி வரும். 4, 5 மணித்தியாலம் அப்படியே படுத்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் சேர்க்கும் மருந்தால் எனக்கு உதடு விறைத்தது. சொன்னவுடன் கல்சியம் தந்தார்கள். அப்புறம் நோவு சில நாளில் போய்விட்டது. கொடுத்த கலங்களை உடம்பு சில கிழமைகளில் தானே உண்டாக்கிவிடும். பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தம்பி இப்போது வேலைக்குப் போகிறான்.

கூடப்பிறந்த ஒருவரின் இழைய வகை நோயாளிக்கு முழுதாகப் பொருந்துவதற்கு 25 சதவீத வாய்ப்புத்தான். அண்ணாவுக்குப் பொருந்தவில்லை, எனக்குப் பொருந்தியது. வீட்டில் ஒருவரும் பொருந்தாவிட்டால் வெளியாரைத் தேடவேண்டும். பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனவழியினரிடம்தான் கிடைக்கும். கொடுக்க முன்வருபவர்களின் உலகப் பதிவேடுகளிலோ தெற்காசியர் குறைவு. வெளிநாட்டில் சொந்தம் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? பிரித்தானியாவில் அந்தோனி நோலன் பதிவேட்டில் 16 முதல் 30 வயது வரையும், கனடாவில் 17 முதல் 35 வரையும் சேரலாம். உட்கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் சரி. அடுத்தமுறை வீடியோ கோலில் கதைக்கும்போது மருமக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

குருதியியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு உங்கள் பத்திரிகையில் கேள்வி பதில் பகுதி ஒன்று போடுங்கள். பெட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

வாசகி ஒருவர்,
கோண்டாவில்.