பிலிம் போடமுதல் கமராவைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பிலிம் கமராக்கள் மீது இளையோருக்கு மீண்டும் ஆசை வந்திருக்கிறது. அப்பாவின் அலுமாரியில் கிடந்தது, கனடாவிலிருந்து வந்த பெரியப்பா விட்டுப்போனது, ‘நன்றாக வேலை செய்யும்’ என்ற ஒற்றை வரியை நம்பி முகநூலில் வாங்கியது என்று பல வழிகளில் இவை கைக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்தில் கிடைப்பவற்றில் கவனிக்கத்தக்கவை 1960களிலும் 70களிலும் யப்பானில் செய்த ரேஞ்ச்பைண்டர் கமராக்கள். முதற் சுருள் வெறுமையாக வந்ததும் ‘பழசு, இனிச் சரிவராது’ என்று திரும்ப அலுமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். வயது போனதால் மட்டும் கெட்ட கமரா குறைவு. பொருந்தாத பற்றரி, மாரிகாலத்து ஈரம், சோதிக்காமல் பிலிம் போடும் அவசரம், இவைதான் பெரும்பாலும் காரணம். மூன்றையும் வீட்டு மேசையில் வைத்தே கண்டுபிடிக்கலாம்.

ரேஞ்ச்பைண்டர் கமராவில் லென்ஸ் ஊடாகப் பார்ப்பதில்லை. முகப்பிலுள்ள இரண்டு சாளரங்களில் வரும் காட்சிகளை உள்ளே ஓர் அரைப்பூச்சுக் கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும். நடுவிலே மஞ்சள் கட்டமாகத் தெரிவது இரண்டாம் சாளரத்தின் காட்சி. போக்கஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரட்டையாகத் தெரியும் உருவம் நெருங்கி ஒன்றாகும்; அங்கே நிறுத்தவேண்டும். 1932இல் லைக்கா II இந்த ஏற்பாட்டை லென்ஸின் அசைவோடு இணைத்து வந்தது. 1954இல் வந்த லைக்கா எம்3 இதன் உச்சம். 1959இல் நிக்கோன் எஃப் வந்தபின் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் லென்ஸ் ஊடாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கமராக்களின் பக்கம் சாய்ந்தார்கள். குடும்பங்களுக்கென யப்பானியர் செய்த கழற்றமுடியாத லென்ஸுள்ள ரேஞ்ச்பைண்டர்கள் அதன் பின்னும் நன்றாக விற்றன: 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35, மினோல்டா ஹை-மற்றிக் 7எஸ், 1972இல் வந்த கெனன் கெனனெற் கியூ.எல்.17 ஜி.III. நம்மவர் தேடவேண்டியவை இவைதான் என்பது என் கருத்து. எஃப் 1.7, எஃப் 1.8 அளவுக்கு (இலக்கம் குறையக் குறையத் துவாரம் பெரிது) திறக்கும் கூர்மையான லென்ஸ், பக்கத்தில் நிற்பவருக்கும் கேளாத இலை ஷட்டர் (லென்ஸுக்குள் மெல்லிய தகடுகளாகத் திறந்து மூடுவது). இதற்குமேல் வீதிப் படத்துக்கு என்ன வேண்டும்?

லைக்காதான் வேண்டும் என்று நிற்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சோவியத் தயாரிப்பான ஃபெட், சோர்க்கி கமராக்களின் மேல் லைக்கா பெயரும் நாசிச் சின்னமும் பொறித்து, பொன்முலாம் பூசி விற்பது உலகெங்கும் நடக்கும் ஏமாற்று. லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்பக்கம் பாருங்கள். லென்ஸின் பின்புறத்தைத் தொட்டு அசையும் கரத்தின் நுனியில் அசல் லைக்காவில் சிறு உருளை இருக்கும். சோவியத் பிரதியில் உருளை இல்லாத உலோக நாக்கு இருக்கும். உண்மை தெரிந்து சோர்க்கியை சோர்க்கியின் விலைக்கு வாங்குவதில் தவறில்லை. ஆனால் சோர்க்கி 4இல் பிலிம் சுற்றும் குமிழைத் திருப்பி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்றவேண்டும். ஏற்றாமல் வேகக் குமிழைத் திருப்பினால் உள்ளே முறியும். இவற்றின் ஷட்டர் துணித்திரை என்பதால் இன்னுமோர் ஆபத்து உண்டு. மூடியில்லாமல் லென்ஸைச் சூரியனுக்கு நேரே வைத்தால் பூதக்கண்ணாடி போலத் திரையில் ஓட்டை விழுத்திவிடும். சித்திரை வெயிலில் அதற்கு அதிக நேரம் தேவையில்லை.

இனிச் சோதனை. பிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான யன்னலை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரைத் தட்டிப் பாருங்கள். இலைகள் முழுதாகத் திறந்து முழுதாக மூடவேண்டும். பாதியில் நின்றாலோ தயங்கினாலோ இலைகளில் எண்ணெய் படிந்திருக்கிறது. போக்கஸ் வளையத்துக் கிறீஸ் வெக்கையில் இளகி அங்கே வழிவதுதான் காரணம். கமராவை மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழுள்ள பெட்டியில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். இலைகளைத் துடைக்க லைற்றர் பெற்றோலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சி போதும். ஊற்றக்கூடாது, ஊற்றினால் கரைந்த எண்ணெய் லென்ஸுக்குள் பரவும். தையல் மெசின் எண்ணெய் விட்டுத் ‘திருத்திய’ கமராவை வாங்கவே வேண்டாம். சில செக்கன் கழித்துத் தானாகப் படமெடுக்கவைக்கும் லீவரையும் தொடாதீர்கள். நீண்டகாலம் அசையாத அந்தப் பற்சக்கரங்கள் நடுவழியில் இறுகினால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

அடுத்து மஞ்சள் கட்டம். போக்கஸ் வளையத்தை முடிவிலி அடையாளத்துக்குத் திருப்பி, தூரத்துத் தொலைத்தொடர்புக் கோபுரத்தையோ இரவில் நிலவையோ பாருங்கள். நிலவு இரண்டாகத் தெரியக்கூடாது. மேலும் கீழுமாக விலகித் தெரிந்தால் கண்ணுக்கு இடைஞ்சல், படத்தின் கூர்மை பெரிதாகக் கெடாது. பக்கவாட்டில் விலகினால் எல்லாப் படமும் மங்கும். பிறகு அளவுநாடாவால் ஒரு மீற்றரை, கமராவின் முன்புறத்திலிருந்து அல்ல, பிலிம் தங்கும் தளத்திலிருந்து அளந்து, அங்கே நிறுத்திய கடதாசி எழுத்து ஒன்றாகும்போது வளையமும் ஒரு மீற்றரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். இன்னும் சந்தேகமென்றால், பிலிம் போகும் தண்டவாளத்தில் ரேசிங் பேப்பர்த் துண்டொன்றை இழுத்து ஒட்டி, வேகத்தை ‘பி’யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வைத்து, லென்ஸின் துவாரமான அப்பேச்சரை முழுதாகத் திறந்து, மணிக்கூடு திருத்துபவரின் உருப்பெருக்கியால் அதில் விழும் உருவத்தைப் பார்க்கலாம். கட்டத்தில் ஒன்றானது பேப்பரில் மங்கலாக விழுந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. திருத்துவதற்குப் பெரும்பாலும் மேல்மூடியைக் கழற்றவேண்டியிருக்கும், ஆதலால் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள். யார் திறந்தாலும் அந்த அரைப்பூச்சுக் கண்ணாடியை ஸ்பிரிற்றாலோ துணியாலோ துடைக்கக்கூடாது. பூச்சு உரிந்தால் கட்டமே தெரியாது. கட்டம் மங்கிய கமராவுக்கு மலிவான உபாயம் ஒன்றுண்டு: பார்வைச் சாளரத்தின் முன்கண்ணாடி நடுவில் மிளகளவு கறுத்த ரேப் துண்டு ஒட்டினால் கட்டம் எடுப்பாகத் தெரியும்.

பின்மூடியின் விளிம்புகளில் ஒளி புகாமல் ஒட்டியிருக்கும் ஸ்பொஞ் இத்தனை வருடத்தில் தாராகியிருக்கும். கூராகச் சீவிய ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி ஐசோபுரோப்பைல் அற்ககோலில் தோய்த்துச் சுரண்டி எடுங்கள். துகள் ஷட்டர்ப் பக்கம் விழாதபடி கமராவைக் கவிழ்த்துப் பிடிக்கவும். ஒடுங்கிய பள்ளங்களுக்குக் கறுத்தக் கம்பளி நூலும், கீல்ப் பக்கத்துக்குக் கறுத்த வெல்வெற் துண்டும் போதும்.

பற்றரிதான் கூடுதலான குழப்பம். கெனனெற்றும் அதன் காலத்து வேறு பல கமராக்களும் 1.35 வோல்ற் பாதரசப் பற்றரிக்குச் செய்தவை. அது இப்போது விற்பனையில் இல்லை. கடையில் அதே பருமனில் தரும் 1.5 வோல்ற் அல்கலைன் பற்றரியைப் போட்டால், ஒளிமானி வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டிப் படத்தை இருட்டாக்கும். பற்றரி தேயத் தேய அந்தப் பிழையும் மாறிக்கொண்டே போகும். காதுகேட்கும் கருவிக்குப் போடும் 675 இலக்கச் சிங்க்-காற்றுப் பற்றரி 1.4 வோல்ற். சுற்றிவர ஒரு ரப்பர் வளையம் போட்டால் இடத்தில் இறுகி நிற்கும். ஒட்டுத்தாளை உரித்து ஒரு நிமிடம் காற்றுப் பிடிக்கவிட்டுப் போடுங்கள். சில கிழமைகளில் தீர்ந்துவிடும், விலையும் பெரிதல்ல. பற்றரி இல்லாத கெனனெற்றைத் தானியங்கி நிலையில் வைத்தால் பொத்தான் அமராது. பழுதென்று பலர் கைவிடுவது இதைத்தான். அப்பேச்சர் வளையத்தைக் கையியக்கத்துக்குத் திருப்பினால் 1/4 முதல் 1/500 செக்கன் வரை பற்றரியில்லாமலே ஓடும்.

யாஷிகா எலெக்ட்ரோ அப்படியல்ல. அப்பேச்சரை நாம் வைக்க, வேகத்தைக் கமரா தீர்மானிக்கும். பற்றரி இல்லையென்றால் எல்லாப் படமும் 1/500 செக்கனில்தான். அதற்குரிய 5.6 வோல்ற் பாதரசப் பற்றரிக்குப் பதிலாக 6 வோல்ற் 4எல்.ஆர்.44 போடலாம், அளவு பெரிதாகப் பிசகாது. பற்றரி சிறியது, ஆகவே பிளாஸ்ரிக் குழாய்த் துண்டும் சுருளிவில்லும் வேண்டும். சோதனைப் பொத்தானை அழுத்தப் பச்சை விளக்கு எரியவேண்டும். பிறகு லீவரை இழுக்கும்போது உள்ளே ‘டொக்’ என்ற சத்தம் கேட்கிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். கேட்காவிட்டால் உள்ளிருக்கும் சிறு ரப்பர் அடை கரைந்துபோயிற்று; விளக்குகள் எரிந்தாலும் வேகம் சரியாக வராது. இந்தச் சத்தத்தைக் கேளாமல் யாஷிகாவுக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

பிலிம் போட்டபின் லீவரை இழுக்கையில் இடப்பக்கச் சுற்றுக்குமிழ் எதிர்த்திசையில் சுழலவேண்டும். சுழலாவிட்டால் பிலிம் பல்லில் பிடிக்கவில்லை, 36 படமும் காற்றில் எடுத்ததாகிவிடும். லென்ஸ் மூடியும் இப்படித்தான் ஏமாற்றும். மூடியோடு எடுத்தாலும் சாளரத்தில் காட்சி தெரிந்துகொண்டேயிருக்கும். இலை ஷட்டர்க் கமராவில் திரை எரியும் பயமில்லை, ஆகவே மூடியை வீட்டில் வைத்துவிட்டு யூ.வி. வடிகட்டி ஒன்றைத் திருகிவிடுங்கள். யாஷிகாவுக்கு 55 மி.மீ., கெனனெற்றுக்கு 48 மி.மீ.

பகல் வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 400 பிலிம் வாங்குவது வீண். இந்தக் கமராக்களின் உச்ச வேகம் 1/500. நமது நண்பகலில் எஃப் 16இலேயே கிடந்து உழலவேண்டும். 200 போதும்: நல்ல வெயிலில் எஃப் 16, 1/250. கலர் நெகற்றிவ் ஒரு படி (இரு மடங்கு) கூடிய ஒளியைத் தாங்கும், குறைந்ததைத் தாங்காது. பனை நிழலில் நிற்பவர் முகமென்றால் இரண்டு படி திறந்துவிடுங்கள். நல்லூரில் தேரன்று வெளிவீதியில் நெரிசலுக்குள் மஞ்சள் கட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. 45 மி.மீ. லென்ஸை எஃப் 11, 3 மீற்றரில் வைத்தால் ஏறக்குறைய 2 மீற்றரிலிருந்து 6 மீற்றர் வரை தெளிவாக இருக்கும். கையை எடுத்துவிட்டு ஆட்களைப் பாருங்கள்.

கறுப்பு-வெள்ளையை வீட்டிலேயே கழுவுபவர்களுக்கு நமது கிணற்றுத் தண்ணீர் இரண்டு விதத்தில் சோதனை. ஒன்று சூடு. இல்ஃபோர்ட் எச்.பி.5 பிலஸ் பிலிமை தண்ணீரோடு ஒன்றுக்கொன்று கலந்த ஐ.டி.-11 என்ற உருத்துலக்கும் மருந்தில் கழுவ 20 பாகையில் 13 நிமிடம் என்கிறது அட்டவணை. கிணற்றுத் தண்ணீரோ 28 பாகை அளவில் நிற்கும். வாளியில் ஐஸ் போட்டு மருந்துப் போத்தல்களை அதற்குள் நிறுத்தி 24 பாகைக்கு இறக்கி, சுமார் 9 நிமிடம் கழுவுவது நடைமுறைக்கு ஏற்றது. ஐஸை மருந்துக்குள் போடாதீர்கள். கடைசிக் கழுவல் தண்ணீரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ஜெலற்றின் சுருங்கி வெடித்ததுபோலாகும். மற்றது சுண்ணாம்பு. சுண்ணக்கல்லில் ஊறிய தண்ணீர் காயும்போது நெகற்றிவில் வெள்ளைப் பொட்டுகள் விடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஈரமாக்கித் திரவம் (தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் வழியச்செய்வது) சில துளி விட்டு இறுதியாக முக்கியெடுத்துத் தொங்கவிடுங்கள், துடைக்கவேண்டாம்.

ஐப்பசி பிறந்தால் பூஞ்சணம். தோல் உறைக்குள் கமராவை வைப்பதைப்போலக் கெடுதல் வேறில்லை, தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டி, 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி போதும். 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். 30க்குக் கீழே போனால் கிறீஸ் காயும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகை அவணில் உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைப்பது வீண் வேலை, தவிட்டுத் தூசு போக்கஸ் வளையத்துக்குள் இறங்கும். வாங்கும்போது ஷட்டரை ‘பி’யில் திறந்து பின்னாலிருந்து ரோச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழை தெரிந்தால் பூஞ்சணம். வெளிக் கண்ணாடியில் இருந்தால் துடைக்கலாம். உள்ளே பிடித்துக் கண்ணாடியையே அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்கள் வெளிறும்.

விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை. ‘வேலை செய்யும்’ என்று எழுதாமல், எந்தப் பற்றரி போட்டு, எந்தெந்த வேகங்களைச் சோதித்தீர்கள், முடிவிலியில் கட்டம் பொருந்துகிறதா, லென்ஸில் பூஞ்சணம் உண்டா என்று நாலு வரி எழுதுங்கள். பழுதானதைப் பழுதென்று சொல்லியே விற்கலாம். ஒரு யாஷிகாவின் முன்கண்ணாடியும் குமிழும் இன்னொரு யாஷிகாவை ஓடவைக்கும். பழைய இரும்புக்காரருக்குப் போடமுதல் திருத்தும் ஒருவரிடம் காட்டுங்கள். எப்படிக் கைமாறினாலும் பற்றரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய பாதரசப் பற்றரி உள்ளே இருந்தால் வளவுக்குள் எறியவோ குப்பையோடு எரிக்கவோ வேண்டாம். நமது சுண்ணக்கல் நிலத்தில் மேலே போட்டது கிணற்றுக்குப் போகும். மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் தனியாக வைத்து, அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பிலிம் கமரா ஆர்வலர் ஒருவர்,
கோண்டாவில்.