கைமாற்றுப் புத்தகம் சொல்லும் கணக்கு: செயலாளரின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பு மருத்துவமனைகளிலிருந்து வந்திருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, மருந்தாளுநர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி டெல்டாவின் சிறு மருத்துவமனைகள் சேர்ந்த நம் கூட்டமைப்பு ஆண்டுதோறும் கூட்ட வேண்டிய பேரவைக் கூட்டம் இது. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அவர் எண்களில் சொல்வதன் பின்னால் என்ன நடந்தது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கும் மேட்டூர் அணை 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தது. மருத்துவமனை அறிக்கையில் இது எதற்கு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். இங்கே யாரும் கேட்க மாட்டீர்கள். ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் நம் கல்லாவில் காசு வராது. 'அறுப்பு முடிந்ததும் தந்துவிடுகிறேன்' என்று பாதிப் பணம் கட்டிவிட்டுப் போகிறவரிடம் கறாராகப் பேச நம்மில் யாருக்கும் வாய் வருவதில்லை. பம்புசெட் இல்லாதவர் குறுவையே போடாத ஆண்டில், அந்தப் பாக்கி நேராக மருந்து மொத்த வியாபாரியின் நோட்டில் போய் நம் பெயருக்கு எதிரே உட்கார்ந்துகொள்கிறது.

அந்த நெருக்கடியில் நம்மைக் காப்பாற்றியது கூட்டுக் கொள்முதல். இதை நாம் கண்டுபிடிக்கவில்லை. அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் மருந்து வாங்குவதற்காக 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதைப் பார்த்துப் படித்த பாடம்தான். மாதம் பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு மருந்தகமும் தேவைப் பட்டியலை அனுப்பிவிட வேண்டும். கம்பெனிப் பெயர் கூடாது, மருந்தின் பெயர்தான். எல்லாவற்றையும் கூட்டி, விலை கேட்டு, ஒவ்வொரு பேட்சுக்கும் பரிசோதனைச் சான்று வாங்கிய பிறகே பணம். பட்டியல் கடைசி நாளில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. அவசரத்தில் அறுவை சிகிச்சைக் கையுறை முழுவதையும் ஆறரை அளவில் எழுதிவிட்டேன். நம் மூத்த அறுவை சிகிச்சை மருத்துவர் கட்டைவிரலை மட்டும் நுழைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பெட்டிகளை மாற்றி வாங்க இரண்டு வாரம் ஆனது. தவறு என்னுடையது; குறிப்பேட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

புதிய உறுப்பினர்கள் கொள்முதல் விலையைப் பார்த்துத்தான் சேர்கிறார்கள். ஆனால் இந்தக் கூட்டமைப்பு விலைக்காகப் பிறந்ததல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஒருவரிடம் டீசல் இருந்தது, இன்னொருவரிடம் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினோம். அதுதான் கைமாற்றுப் புத்தகம். சங்கப் பதிவு, முத்திரை, ரசீதுப் புத்தகம் எல்லாம் பிறகு வந்தவை.

இந்த ஆண்டுப் பக்கங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நவம்பர் கடைசி வாரத்து அடைமழையில், திருத்துறைப்பூண்டி பக்கத்து உறுப்பு மருத்துவமனைக்கு, வரப்பில் பாம்புக்கடி பட்ட ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தபோது உறையாமல் தண்ணீர்போல் ஓடியது. கண்ணாடி விரியன். நஞ்சுமுறிவு மருந்து முதல் தவணையிலேயே எட்டு முதல் பத்துக் குப்பி வேண்டும். அங்கே இருந்தது ஆறு. இருப்பதை ஏற்றத் தொடங்கிவிட்டு மருத்துவர் போன் செய்தார். மன்னார்குடியிலிருந்து பத்துக் குப்பிகளைப் பஞ்சு சுற்றித் தூக்குவாளியில் அடுக்கி, மருந்தகத் தம்பி மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். கோட்டூருக்கு அப்பால் சாலையில் முழங்கால் தண்ணீர். எதிர்ப்பக்கத்திலிருந்து டிராக்டரில் வந்தவர்கள் வாளியை வாங்கிக்கொண்டு போனார்கள். தூள் மருந்தைக் கரைக்கும்போது குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். அன்று இரண்டு செவிலியர்கள் எமர்ஜென்சி விளக்கடியில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டே இருந்தார்கள். காலையில் அவரை 108 ஆம்புலன்ஸில் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார்.

பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்ததும் அதே நவம்பரில்தான். படிவத்தை நிரப்ப யாரும் சோம்பல்பட வேண்டாம். எந்த ஊரில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் மருந்து அங்கே போகும். இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. இந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தரும் வடநெம்மேலி இருளர் அமைப்பும் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்தான்.

நல்லதைச் சொல்லிவிட்டேன், கசப்பையும் சொல்லிவிடுகிறேன். கைமாற்றாக வாங்கியதை மூன்று மாதமாகியும் திருப்பாதவர்கள் இருக்கிறார்கள். திருப்பியவர்களில் சிலர் காலாவதியாக ஒரு மாதமே மிச்சமிருக்கும் குப்பிகளைத் திருப்பியிருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, சொல்லாமலே தெரியும். திருப்பித் தரும் மருந்துக்கு ஆறு மாத ஆயுளாவது இருக்க வேண்டும் என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது.

மயக்க மருந்து டாக்டரை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, முறைப்பாசனம் போலவே, மேல்மடையில் நன்றாக நடக்கிறது. கடைமடைக்குத்தான் வந்து சேர்வதில்லை. எங்காவது ஒரு அவசர சிசேரியன் வந்தால் அன்றைய முறை அங்கேயே நின்றுவிடும். வேதாரண்யம் பக்கத்தில் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றோடு படுத்திருப்பவரை மறுநாள் வரச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் செயற்குழுவில் கோபப்பட்டது நியாயம். வரும் ஆண்டில் முறை கடைமடையிலிருந்து தொடங்கும்.

மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு விதி. தனித்தனியாகக் கேட்டபோது வராத கழிவு வண்டி, ஒரே தடமாகப் பேசிய பிறகு வருகிறது. மழை நாட்களில் தவறியதற்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

ஒரு மருத்துவமனை இந்த ஆண்டு விலகியது. வெளியில் ஒரு ஊசி மருந்து நம் விலையைவிடக் குறைவாகக் கிடைத்ததாம். கிடைத்திருக்கும், மறுக்கவில்லை. விஸ்கான்சின் மாநிலத்துக் கிராமப்புற மருத்துவமனைகள் 1979இல் கூட்டுறவாகச் சேர்ந்தன, அங்கிருந்த பால் கூட்டுறவுகளை முன்மாதிரியாக வைத்து. அமெரிக்காவிலேயே சிறிய மருத்துவமனைக்குத் தனியாகக் காலம் தள்ளுவது கடினமாக இருந்திருக்கிறது. விலகியவர்கள் நள்ளிரவில் குப்பி கேட்டு அழைத்தால் கொடுப்போம். அதற்குத் தீர்மானம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை. கைமாற்றுப் புத்தகம் வாசலருகே மேசைமேல் இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்கள் எப்போது திருப்புவார்கள் என்று தேதி எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். பேனாவை நூல் கட்டி வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டுப் பேனாவும் இன்னும் திரும்பவில்லை.

செயலாளர்